வரி கிடையாது என்றார்கள், பார்சல் ஏன் திரும்பி வருகிறது?

இங்கிலாந்தில் சிறிய ஆடை வியாபாரம் நடத்தும் ஒரு சகோதரியின் கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2011இல் கணவரோடு சேர்ந்து தொடங்கிய வியாபாரம். குழந்தைகளுக்கான பாவாடை சட்டையும் குர்த்தாவும் இலங்கைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வருகின்றன. இந்தியாவிலிருந்து துணி வாங்கி, ஆறு தையல் இயந்திரங்கள் உள்ள சொந்தப் பட்டறையில் ரவிக்கை தைக்கிறார்கள். 2020 வரை விற்பனையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஐரோப்பாவுக்குப் போனது. பாரிஸ் லா சப்பல் பக்கத்துக் கடைகளுக்கு மொத்தமாகவும், ஜெர்மனி, நெதர்லாந்து வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் ஒவ்வொன்றாகவும் அனுப்பினார்கள். இன்று அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாடிக்கையாளர்கள் கூரியர்காரர் கேட்கும் பணத்தைக் கட்ட மறுப்பதால் பார்சல்கள் திரும்பி வருகின்றன. திரும்பி வந்த பார்சலுக்கு இங்கேயும் வரி கட்டியிருக்கிறார்.

கணவர், "கொரோனாவால் போன வியாபாரத்துக்குப் பிரெக்ஸிட்டை (பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதை) குறை சொல்லாதே, ஒப்பந்தத்தில்தான் வரியே இல்லையே" என்கிறார். பாரிஸில் கடை வைத்திருக்கும் அண்ணன், "வீட்டை வைத்து 40,000 பவுண்டு கடன் எடு, இங்கே கம்பனி திறப்போம், மாதத்தில் இரண்டு வாரம் வந்து நில்" என்கிறார். தோழி ஒருவர், இரண்டு வருடம் பொறுத்தால் பிரித்தானியா திரும்பவும் சேர்ந்துவிடும் என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "அக்கா, என் கெட்டித்தனம் குறைந்துவிட்டதா, இல்லை நாடுதான் மாறிவிட்டதா?"

*

அன்புத் தங்கைக்கு,

கடிதம் முழுக்க அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் சில இடங்களில் கொஞ்சம் கறாராகப் பேசப் போகிறேன்.

முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில். நாடு மாறிவிட்டது. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் சுங்கப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டதில், புதிய வர்த்தக ஒப்பந்தம் வந்தபிறகு ஏறக்குறைய 16,400 பிரித்தானிய நிறுவனங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன. முன்பு அங்கே பொருள் அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனங்களில் 14 சதவீதம். அத்தனையும் கெட்டித்தனம் குறைந்தவர்கள் நடத்தியவை என்று சொல்ல முடியாது. அதே ஆய்வில், மிகப் பெரிய நிறுவனங்களின் ஏற்றுமதியில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. அடி முழுக்கச் சிறியவர்கள் மேல் விழுந்தது. ஏன் அப்படி என்பது உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு நகல்களிலேயே இருக்கிறது.

அந்த 48 யூரோ பார்சல்

முதல் நகல், ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த பார்சலின் கூரியர் சீட்டு. உள்ளே ஒரு குழந்தை உடை, தபால் செலவு சேர்த்து விலை 48 யூரோ. அதன்மேல் ஜெர்மனியின் 19 சதவீத வாட் வரி 9 யூரோ 12 சதம். அப்புறம் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் 12 யூரோ. வாசலில் நிற்கும் ஆள் கேட்டது 21 யூரோ 12 சதம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட அந்த அம்மா ஏன் இன்னொரு தடவை கட்டவேண்டும்? வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்.

2020இல் இதே பார்சல் 48 யூரோவுக்கே போய்ச் சேர்ந்தது. பிரித்தானியாவில் குழந்தை உடைக்கு வாட் வரி பூச்சியம். ஒரே சந்தையாக இருந்தபோது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விற்கும் சிறு வியாபாரி தன் நாட்டு வாட் வீதத்திலேயே மற்ற உறுப்பு நாடுகளுக்கும் விற்கலாம். ஜெர்மனிக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு ஒரு இலட்சம் யூரோ. நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். ஆகவே உங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர் பூச்சிய வரியில் வாங்கினார். இப்படி ஒரு சலுகை இருந்ததே அது போனபிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இங்கே கவனியுங்கள், இந்த 21 யூரோவில் சுங்கத் தீர்வை ஒரு சதம்கூடக் கிடையாது. உங்கள் கணவர் சொல்வது அந்த அளவில் உண்மை. 2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்படி இரு தரப்பிலும் உருவான பொருள்களுக்குத் தீர்வை பூச்சியம். ஆனால் ஒரு வர்த்தகக் கூட்டமைப்பு உள்ளே இருப்பவர்களுக்குத் தருவது பூச்சியத் தீர்வையோடு முடிவதில்லை. எல்லையில் படிவம் கிடையாது, வாட் வரி வாசலில் வந்து நிற்காது, ஒரு நாட்டில் தேறிய பொருள் மற்ற நாட்டிலும் தேறியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். வெளியே வந்தபோது தீர்வைப் பூச்சியத்தை மட்டும் கையோடு எடுத்துவந்தோம், மற்றவை அங்கேயே நின்றுவிட்டன.

இதில்தான் சிறியவர் பெரியவர் வித்தியாசம் வருகிறது. ஒரு சுங்க அறிவிப்பை நிரப்ப ஏஜென்ட் வாங்கும் கூலி, 400 பவுண்டு சரக்குக்கும் 40,000 பவுண்டு சரக்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கம்பனிக்கு அது தேநீர்ச் செலவு. உங்களுக்கு அது இலாபம் முழுவதும். 2021 முதல் வாரங்களில் என்னிடம் வந்த ஒரு வியாபாரி, வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தப் பதினேழு விதமான பொருளை ஒரே பெட்டியில் வைத்து அனுப்பினார். பதினேழு வகைக்கும் பதினேழு சுங்கக் குறியீடு. பெட்டியின் பெறுமதியைவிட அறிவிப்புக்கான செலவு கூடிவிட்டது. அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், அதற்கப்புறம் ஐரோப்பாவுக்கு அனுப்பவே இல்லை. அந்த 16,400இல் அவரும் ஒருவராக இருக்கலாம்.

இன்வாய்ஸில் நீங்கள் எழுதிய சொல்

இரண்டாவது நகல்தான் எனக்குக் கவலை தந்தது. பாரிஸ் கடைக்கு நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸ் அது. 'உற்பத்தி நாடு' என்ற இடத்தில், மேலிருந்து கீழ்வரை எல்லாப் பொருளுக்கும் 'யூகே' என்று எழுதியிருக்கிறது. அடியில், இவை பிரித்தானியாவில் உருவான பொருள்கள், ஆகவே பூச்சியத் தீர்வைக்கு உரியவை என்ற உறுதிமொழியும் இருக்கிறது. "எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் அக்கா" என்று கடிதத்தில் சொல்கிறீர்கள்.

தங்கை, அதை உடனே நிறுத்துங்கள்.

பூச்சியத் தீர்வை பிரித்தானியாவில் உருவான பொருளுக்குத்தான். பிரித்தானியா வழியாக வந்த பொருளுக்கு அது கிடையாது. இலங்கையில் தைத்த பாவாடை சட்டை உங்கள் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும் அது இலங்கைப் பொருள்தான். அதைப் பிரான்சுக்கு அனுப்பினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான தீர்வை விழும். பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்கு அது 12 சதவீதம்.

"ரவிக்கை இங்கே எங்கள் பட்டறையில்தானே தைக்கிறோம்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் அநேகர் வழுக்குகிறார்கள். ஒப்பந்தத்தின் தோற்ற விதி, அதாவது எது எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்கும் விதி, நெய்த துணியாலான ஆடைக்குப் பொதுவாக நெசவும் தையலும் இரண்டுமே உள்ளே நடந்திருக்கவேண்டும் என்கிறது. இந்தியத் துணியை இங்கே வெட்டித் தைப்பது மட்டும் போதாது. அச்சிடுதல், பூவேலை போன்றவற்றுக்குத் தனி வழிகள் உண்டு, ஆனால் வெளிநாட்டுத் துணியின் பெறுமதிக்கு அங்கே உச்சவரம்பு இருக்கிறது. வெறும் தையல் ரவிக்கை அதில் அடங்காது.

ஆக, நீங்கள் கையெழுத்திட்டது தவறான உறுதிமொழி. தெரியாமல் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, சுங்க அதிகாரிக்குப் புரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐரோப்பிய விதிப்படி பொதுவாக மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போய்த் தீர்வையைக் கேட்கலாம். கேட்பது இறக்குமதி செய்தவரிடம், அதாவது உங்களை நம்பி வாங்கிய பாரிஸ் கடைக்காரரிடம். அவர் உங்களிடம் வருவார். பத்தாயிரம் யூரோ சரக்குக்கு 1,200 யூரோ என்று கணக்கிட்டால், மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுங்க ஆலோசகரிடம் கோப்பைக் கொடுத்து, தாமாக முன்வந்து திருத்துவது எப்படி என்று கேளுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதைவிட நாமாகப் போவது எப்போதும் மலிவு.

கொரோனாவா, பிரெக்ஸிட்டா?

வீட்டுச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

கொரோனாவும், 2022இல் எரிபொருள் விலை ஏறியதும் எல்லா நாட்டையும் அடித்தன. அதனால்தான் பொருளாதார நிபுணர்கள் பிரித்தானியாவின் பழைய கணக்கோடு புதிய கணக்கை நேராக ஒப்பிடுவதில்லை. அதே அடிகளை வாங்கிய, ஆனால் கூட்டமைப்பை விட்டு விலகாத நாடுகளைக் கலந்து, விலகாதிருந்தால் பிரித்தானியா எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிழல் பிரித்தானியாவை உருவாக்கி, அதோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் விலகியதன் விலை. அரசின் வரவுசெலவுக் கணிப்பு அலுவலகம், நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்றும், ஏற்றுமதியும் இறக்குமதியும் 15 சதவீதம் குறைவாக இருக்கும் என்றும் வைத்துக் கணக்குப் போடுகிறது. 2025 கடைசியில் வந்த ஓர் ஆய்வு, இழப்பு அதைவிடக் கூடுதல், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 முதல் 8 சதவீதம் என்றது. எண்ணில் வாதம் உண்டு. இழப்பு உண்டா இல்லையா என்பதில் நிபுணர்களிடையே இப்போது பெரிய வாதம் இல்லை.

இந்த இழப்பு ஒரே நாளில் வரவில்லை என்பதால்தான் உங்கள் கணவரைப்போன்ற பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதத்தினர் விலகவேண்டும் என்று வாக்களித்தார்கள். மறுநாள் காலையில் பவுண்டு, டாலருக்கெதிராக 1985க்குப் பிந்திய மிகத் தாழ்ந்த நிலைக்கு விழுந்தது. துணியை டாலரில் வாங்கும் உங்களுக்கு விலை அன்றே ஏறிவிட்டது, எல்லையில் ஒரு படிவமும் மாறுவதற்கு நாலரை வருடம் முன்பே. அதற்கப்புறம் என்ன விதி வரும் என்று தெரியாமல் நிறுவனங்கள் புதிய இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போட்டன. 2020 ஜனவரி 31 அன்று சட்டப்படி வெளியேறியபோதும் இடைக்கால ஏற்பாட்டினால் வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை. உண்மையான எல்லை 2021 ஜனவரி 1 அன்றுதான் எழுந்தது. அப்போது நாடு முடக்கத்தில் இருந்தது. இரண்டு அடியும் ஒரே வாரத்தில் விழுந்தால் எது வலிக்கிறது என்று உடம்புக்குத் தெரியாது.

கணவர் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். 2016 மே மாதம் நிதியமைச்சு, விலக வாக்களித்தால் ஒரு வருடம் மந்தம் வரும், சுமார் ஐந்து இலட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று எச்சரித்தது. அப்படி நடக்கவில்லை. சேவைத் துறை ஏற்றுமதி, பயந்த அளவுக்கு அடிபடாமல் நன்றாகவே வளர்ந்தது. ஒரு கணக்காளரோ மென்பொருள் ஆளோ மின்னஞ்சலில் அனுப்பும் வேலைக்கு டோவர் துறைமுகத்தில் பெட்டி திறப்பவர் யாரும் இல்லையே. 'நாடே முடிந்துவிட்டது' என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். அடி பொருள் வியாபாரத்தின் மேல், அதிலும் சிறு பொருள் வியாபாரத்தின் மேல். நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

பிரஸ்ஸல்ஸுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, கட்டிய பணம் மிச்சம் என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விலகும் முன் பிரித்தானியா கொடுத்தது, திரும்ப வந்தது போக, ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கோடி பவுண்டு. பொருளாதாரத்தில் 4 சதவீதம் என்பது இன்றைய கணக்கில் பத்தாயிரம் கோடி பவுண்டைத் தாண்டும். மிச்சம் பிடித்தது உண்மை, எதை விட்டு எதைப் பிடித்தோம் என்று பார்க்கவேண்டும்.

பாரிஸில் கம்பனி, 40,000 பவுண்டு கடன்

அண்ணனின் யோசனையில் பாதி நல்லது. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற, வளரும் நாடுகளுக்கான தீர்வைச் சலுகை இருக்கிறது. தோற்ற விதிக்கு உட்பட்டுத் தயாரான இலங்கை ஆடை, கொழும்பிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போனால் தீர்வை இல்லை. இப்போது நீங்கள் செய்வது, அதே ஆடையை லண்டனுக்கு இறக்கி, இங்கே சுங்கம் முடித்து, பெட்டி பிரித்து, மறுபடி கட்டிப் பாரிஸுக்கு அனுப்புவது. இங்கே சுங்கத்தைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைக்குள் வந்த கணமே அந்தச் சலுகை அறுந்துவிடும். பிரான்சில் 12 சதவீதம் காத்திருக்கும். கூட்டமைப்புக்குள் இருந்தவரை லண்டன் ஐரோப்பாவின் வாசல். இப்போது அது ஒரு சுற்றுவழி. பல பெரிய கம்பனிகள் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கிடங்கு எடுத்தது இதனால்தான்.

ஆகவே ஐரோப்பாவுக்கான சரக்கு லண்டனைத் தொடாமல், கொழும்பிலிருந்து நேராக லு ஆவ்ர் துறைமுகத்துக்குப் போகட்டும். அதற்குப் புதிய கம்பனியும் 40,000 பவுண்டும் இப்போதைக்குத் தேவையில்லை. அண்ணனிடம் பதிவான வியாபாரம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் பிரான்சில் ஒரு இ.ஓ.ஆர்.ஐ. எண் (சுங்கத்துக்கான வியாபாரிப் பதிவெண்) எடுத்து, தன் பெயரில் இறக்குமதி செய்யலாம். பிரான்சில் பதிவான வியாபாரிக்கு இறக்குமதி வாட் வரியைத் துறைமுகத்தில் பணமாகக் கட்டவேண்டியதில்லை, வாட் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். தொழிற்சாலை, இன்வாய்ஸில் முறையான தோற்ற உறுதிமொழி தரவேண்டும். சரக்கு 6,000 யூரோவுக்கு மேல் என்றால் அந்தத் தொழிற்சாலை இதற்கெனப் பதிவு செய்திருக்கவேண்டும். தைக்கும் துணி எந்த நாட்டுடையது என்பதையும் கேளுங்கள், அங்கேயும் தோற்ற விதி உண்டு. ஜெர்மனி, நெதர்லாந்துப் பார்சல்களைப் பாரிஸிலிருந்தே அனுப்பினால் வாசலில் யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கு விற்கும் பொருளுக்கு, ஒன்றியத்துக்குள் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். உங்கள் பார்சல்களில் அது இல்லை. அண்ணன் இறக்குமதியாளர் ஆனால் அந்த இடம் தானாக நிரம்பும். (குழந்தை உடையில் கழுத்துப் பக்கம் தொங்கும் நாடாவுக்குக்கூட அங்கே தரவிதி இருக்கிறது. மாதிரியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.)

இனி அந்த யோசனையின் மற்றப் பாதி. மாதத்தில் இரண்டு வாரம் நீங்கள் பாரிஸ் கடையில் நிற்பது. பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு 180 நாளில் 90 நாள் தங்கலாம், பதினான்கு நாள் வீதம் ஆறு மாதத்துக்கு 84 தானே, அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி, ஆனால் அது தங்கும் நாள் கணக்கு. வேலை செய்யும் உரிமை வேறு. 2020 வரை உங்களுக்கு அது பிறந்த வீடுபோல இருந்தது, யாரையும் கேட்காமல் போய்க் கல்லாவில் உட்காரலாம். இப்போது வியாபாரப் பேச்சுக்குப் போகலாம், மாதிரி காட்டலாம். கடையில் நின்று விற்பதற்கு அனுமதி வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் வந்துபோவதை மின்னணு முறையில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார்கள், மாதாமாதம் போய்வருவது திரையில் வரிசையாகத் தெரியும்.

வீட்டைப் பிணைவைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை நிரந்தரமில்லை. இலங்கை அதை 2010இல் மனித உரிமைக் காரணங்களால் இழந்து, 2017 மே மாதம்தான் திரும்பப் பெற்றது என்பது நம்மவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தச் சலுகையின் விதிமுறை 2023இல் 2027 இறுதிவரை நீட்டப்பட்டது. அப்படி ஆடக்கூடிய ஒரு தூணில் வீட்டுக் கூரையைக் கட்டாதீர்கள். கையிலிருக்கும் பணத்தில் ஒரு சரக்கு, அது விற்றபின் இன்னொன்று என்று பாருங்கள். அண்ணனோடு இலாபம் எப்படி, நட்டம் வந்தால் யாருக்கு என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்தா என்று அவர் கோபித்தால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பொறுத்திருந்தால் திரும்பச் சேர்ந்துவிடுமா?

தோழியிடம் சொல்லுங்கள், அதை நம்பி வியாபாரம் நடத்த முடியாது. ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, 2024 தேர்தல் அறிக்கையிலேயே ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பமாட்டோம் என்று எழுதியது. மனம் மாறினாலும் புதிய உறுப்பினராக விண்ணப்பிக்கவேண்டும், 27 நாடுகளும் ஒத்துக்கொள்ளவேண்டும். முழுமையாக வெளியேறுவதற்கே வாக்கெடுப்பிலிருந்து நாலரை வருடம் ஆனது.

2025 மே 19 அன்று பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் லண்டனில் நடத்திய உச்சிமாநாட்டைச் சொல்லி, சோதனை எல்லாம் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இணங்கியது உணவு, விலங்கு, தாவரப் பொருள்களின் சுகாதாரச் சோதனைகளைப் பற்றி. மரக்கறியும் இறைச்சியும் விற்பவருக்கு அது பெரிய விஷயம். பாவாடை சட்டைக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்தியாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் இழப்பை ஈடுகட்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின்படி, தோற்ற விதிக்கு உட்பட்ட இந்திய ஆடைகளுக்கு இங்கே தீர்வை விலகும். உங்கள் உள்ளூர் விற்பனைக்கு நல்லது, அந்தப் பக்கத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு என்று பார்த்தால், அரசின் சொந்த மதிப்பீடே நீண்ட காலத்தில் ஆண்டுக்கு 480 கோடி பவுண்டு என்கிறது. பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பில் 2024 டிசம்பரில் சேர்ந்ததால் வரும் நன்மை பொருளாதாரத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. வியாபாரத்தில் தூரம் பெரிய விஷயம். இன்றும் பிரித்தானிய ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான் போகிறது. பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கடல் தாண்டி உறவு தேடினால் விருந்து வரும், அன்றாடம் ஒரு கைப்பிடி சர்க்கரை கேட்க முடியாது.

இந்த மாதமே பார்க்கவேண்டியவை

இன்வாய்ஸ் திருத்தத்தை மேலே சொல்லிவிட்டேன், அது முதல் வேலை.

தனிப் பார்சல்களை இங்கிருந்தே அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், 150 யூரோவுக்கு உட்பட்டவற்றுக்கு ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற வாட் ஏற்பாடு உண்டு. ஒன்றியத்துக்குள் பதிவான ஒரு இடைநிலையாளர் மூலம் சேர்ந்து, விற்கும்போதே வாட் வரியை வாங்கிக் கட்டிவிடலாம். வாசல் சண்டை ஓயும். இடைநிலையாளருக்குக் கட்டணம் உண்டு, மாதத்துக்கு எத்தனை பார்சல் என்று பார்த்து முடிவெடுங்கள். 150 யூரோவுக்குக் கீழே சுங்கத் தீர்வை கிடையாது என்ற சலுகையை நீக்கவும் ஐரோப்பிய நாடுகள் 2025 இறுதியில் இணங்கிவிட்டன. 2026 ஜூலையிலிருந்து சிறு பார்சலில் உள்ள ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ என்று முடிவு. இதையும் சேர்த்துப் பார்த்தால் பாரிஸ் வழியே இலாபமாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறை ரவிக்கைகளை ஐரோப்பாவுக்கு மொத்தமாகத் தொடர்ந்து அனுப்புவதாக இருந்தால், துணி இங்கே வரும்போது கட்டும் தீர்வையைத் தவிர்க்க, இறக்கிப் பதப்படுத்தி மீள ஏற்றும் பொருளுக்கான நிவாரணம் இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், கணக்கும் துல்லியமாக வைக்கவேண்டும். உங்கள் அளவுக்கு அந்தத் தொல்லை தகுமா என்பது சந்தேகம். என்னைக் கேட்டால் ரவிக்கையை இங்கிருக்கும் வாடிக்கையாளர்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுத்துத் தைப்பதை அடுத்த நாட்டிலிருந்து யாரும் போட்டிபோட முடியாது.

கடைசியாக, திரும்பி வந்த பார்சல்களுக்கு இங்கே வரி கட்டியதாகச் சொன்னீர்கள். அது நீங்கள் கட்டவேண்டிய பணமே இல்லை. இங்கிருந்து போன பொருள் மாற்றமில்லாமல் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்தால், திரும்பிய பொருள்களுக்கான நிவாரணத்தைக் கோரலாம். போனதற்கு அத்தாட்சி, அதே பொருள்தான் வந்தது என்பதற்கு அத்தாட்சி, கட்டிய சீட்டு, மூன்றும் வேண்டும். கோருவதற்குக் காலக்கெடு உண்டு. பட்டறை மூலையில் அந்தப் பார்சல்கள் ஒட்டுச்சீட்டோடு இன்னும் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாய்ப் போயிற்று. சீட்டைக் கிழிக்காமல் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, திகதி வரிசையில் அடுக்கி வையுங்கள், பழையதிலிருந்து தொடங்கலாம்.